பனி ஊரில் படிப்பு முடிந்தது. வெயில் ஊருக்குக் குடிபோவது எப்படி?

அமெரிக்காவின் வடக்கே பஃபலோவிலோ மினியாபொலிஸிலோ மிச்சிகனிலோ எம்.எஸ். முடித்துவிட்டு, "இன்னொரு குளிர்காலம் இங்கே என்னால் முடியாது" என்று தீர்மானித்துவிட்ட நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேட்பது இரண்டுதான். வெயில் வேண்டும். வேலை முடிந்து வெளியே இறங்கினால் தெருவில் மனித நடமாட்டம் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் ஊரை முடிவு செய்கிற விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிப்ரவரியில் நண்பன் ஃபீனிக்ஸிலிருந்து அரைக்கைச் சட்டையோடு ஒரு போட்டோ அனுப்புவான், அதோடு முடிவாகிவிடும். பிப்ரவரியில் எந்த வெயில் ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஊரை ஆகஸ்டை வைத்து எடைபோட வேண்டும்.

ஏற்கெனவே ஆஃபர் லெட்டர் கையில் இருந்து ஊரும் முடிவாகிவிட்டது என்றால், அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். மற்றவர்கள் வரிசையாகப் படியுங்கள்.

1. முதலில் நாட்காட்டி, அப்புறம்தான் வரைபடம்

ஓ.பி.டி.யில், அதாவது படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யக் கிடைக்கும் அனுமதியில், இருப்பவருக்கு ஊர் தேடுவது வெறும் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. ஓ.பி.டி. தொடங்கிய நாளிலிருந்து வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால் இன்னும் 60 நாள் சேர்ந்து மொத்தம் 150. அந்த நீட்டிப்புக்கு நிறுவனம், ஊழியர்களின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசுத் தளமான ஈ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை இல்லாமல் "முதலில் போய் இறங்குவோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது குடிமக்களுக்குச் சரி. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

அதனால் ஒரு ஊரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அங்கே எனக்கு வேலை கிடைக்குமா?" என்பதைவிட, "கிடைத்த வேலை போனால் அதே ஊரில் இரண்டாவது வேலை கிடைக்குமா?" என்பதுதான். லேஆஃப் வந்த மாதத்தில் வீட்டு வாடகை ஒப்பந்தமான லீஸையும் உடைத்துக்கொண்டு ஊர் மாறுவது எவ்வளவு செலவு என்று பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வேலை தேடும் தளத்தில் உங்கள் பதவியின் பெயரையும் ஊரையும் போடுங்கள். விளம்பரங்களை எண்ணாதீர்கள், வெவ்வேறு நிறுவனங்களை எண்ணுங்கள். ஒரே வேலையைப் பத்துக் கன்சல்டன்சிகள் மறுபடி மறுபடி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஊரே வேலை கொடுக்கக் காத்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம். உங்கள் துறையில் நேரடியாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இருபதாவது தேறினால் அந்த ஊர் பட்டியலில் இருக்கட்டும்.

மேலோட்டமாகச் சொன்னால் இப்படி இருக்கும். சிப் தயாரிப்பு என்றால் ஃபீனிக்ஸ் (வடக்கே டி.எஸ்.எம்.சி., சாண்ட்லரில் இன்டெல்), இல்லாவிட்டால் சாம்சங் இருக்கும் ஆஸ்டின். எண்ணெய், எரிசக்தி, மருத்துவ ஆராய்ச்சி என்றால் ஹூஸ்டன். ஐ.டி., தொலைத்தொடர்பு, வங்கி என்றால் டல்லாஸ். வயர்லெஸ்ஸும் பயோடெக்கும் சான் டியேகோ. பணப் பரிமாற்ற மென்பொருள், சரக்குப் போக்குவரத்து என்றால் அட்லான்டா. மயாமியில் நிதித்துறையும் தென் அமெரிக்க வணிகமும் உண்டு. அங்கே ஸ்பானிஷ் தெரியாமல் பிழைக்கலாம், தெரிந்தால்தான் வாழலாம்.

2. எந்த வெயில்?

"நாங்கள் சென்னைக்காரர்கள், எங்களுக்கு வெயிலா?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெயிலில் வகை உண்டு. எந்த வகை உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று தெரியாமல் ஊரைப் பிடிக்கக் கூடாது.

வானிலைச் செயலிகளில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'டியூ பாயிண்ட்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. புழுக்கத்தைச் சொல்வது அதுதான். அது 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் சுகம். 21ஐத் தாண்டினால் சட்டை முதுகில் ஒட்டும். 24ஐத் தாண்டினால் சென்னைதான், சந்தேகமே வேண்டாம். ஹூஸ்டனிலும் மயாமியிலும் கோடை முழுக்க இந்தக் கடைசி இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் ஓடும். சென்னை, தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வேர்வை. கோயம்புத்தூர்க்காரர்கள் திணறுவார்கள்.

ஃபீனிக்ஸ் வேறு கதை. அங்கே வேர்வை வெளியே வரும் முன்பே காய்ந்துவிடும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 110 ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அதைவிட முக்கியமானது இரவு: அதே ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் வேலூரே கொதித்தாலும் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுக்கலாம் என்று ஒரு ஆறுதல் உண்டு. ஃபீனிக்ஸில் அது கிடையாது. ஏசி நின்றால் அது அவசரநிலை. ஆனால் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே இருக்கும் சுகம் வேறெங்கும் கிடைக்காது. இரண்டு மணி நேரம் வடக்கே காரோட்டினால் ஃபிளாக்ஸ்டாஃப், 2,100 மீட்டர் உயரத்தில். கோடையில் மூச்சு விட அங்கே போவார்கள், பனி வேண்டுமென்றால் குளிர்காலத்திலும் போவார்கள். ஏழு மாதச் சுகத்துக்காக நான்கைந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. மினியாபொலிஸில் நீங்கள் செய்ததும் அதேதான், மாதங்கள்தான் வேறு.

ஆஸ்டினும் டல்லாஸும் இரண்டுக்கும் நடுவே. ஆஸ்டினில் 2023இல் தொடர்ந்து 45 நாட்கள் 100 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு: டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சீடர் மர மகரந்தம். மூக்கு ஒழுகிக் கண் சிவந்து, காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். சைனஸ், ஆஸ்துமா இருப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. அட்லான்டாவில் இதே வேலையை மார்ச், ஏப்ரலில் பைன் மரங்கள் செய்கின்றன. கார் மேல் மஞ்சள்தூள் கொட்டியதுபோல் படிந்திருக்கும்.

சான் டியேகோவுக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. மே, ஜூனில் கடற்கரைப் பக்கம் காலையெல்லாம் மேகம் மூடியிருக்கும், வெயிலுக்காகவே வந்தவர்களுக்கு அது ஏமாற்றம். கடலை விட்டு உள்ளே எல் கஹோன் பக்கம் போனால் அதே நாளில் பத்து டிகிரி கூடுதலாகக் காயும். "சான் டியேகோ" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி உள்நாட்டில் வீடு பிடித்துவிட்டுக் கடல் காற்றைத் தேடக் கூடாது.

3. இயற்கை என்ன செய்யும் என்று பாருங்கள்

ஹூஸ்டனில் வெள்ளம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலையில் பெரில் புயலில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சென்னை 2015ஐப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடு பிடிக்கும் முன் அந்த முகவரியை அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். தரைத்தளம் வேண்டாம். சாதாரண வாடகைதாரர் காப்பீடு வெள்ளத்தை ஈடுகட்டாது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், அரசுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிய செய்தி கேட்டு எடுத்தால் பயனில்லை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஃபுளோரிடாவுக்கும் இதே கணக்கு.

டல்லாஸில் வசந்தகாலத்தில் ஆலங்கட்டி மழை. கார் கூரை பள்ளம் பள்ளமாகிவிடும். குறைந்தபட்ச காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் அதற்கு ஒரு டாலர் வராது. மோதல் அல்லாத சேதங்களை ஈடுகட்டும் 'காம்ப்ரிஹென்சிவ்' இருக்க வேண்டும், அல்லது கூரை உள்ள பார்க்கிங் வேண்டும். ஃபீனிக்ஸில் கோடைப் பருவமழையோடு புழுதிப் புயல் வரும். நெடுஞ்சாலையில் மாட்டினால் சாலையை விட்டு முழுவதுமாக ஒதுங்கி, விளக்குகளை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைப் பார்த்து அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதுவார்.

வெயில் ஊர்தானே என்று ஜாக்கெட்டைத் தானம் செய்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் நாள்கணக்கில் நின்றன. அட்லான்டாவில் 2014 ஜனவரியில் ஐந்து சென்டிமீட்டர் பனிக்கே ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் காருக்குள் இரவைக் கழித்தார்கள். பஃபலோவில் ஐந்து சென்டிமீட்டரைப் பனி என்றே சொல்ல மாட்டார்கள். தெற்கே அதைச் சமாளிக்கும் ஏற்பாடு குறைவு, அவ்வளவுதான்.

4. பணக் கணக்கு

டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை. அரிசோனாவில் 2.5 சதவீதம். ஜார்ஜியாவில் ஐந்து சதவீதத்தை ஒட்டி. கலிஃபோர்னியாவில் வருமானம் ஏற ஏற வரியும் ஏறும். இதை வைத்துத் தாவ வேண்டாம். வரி, வாடகை, கார், மின்சாரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி, கையில் மிஞ்சுவதை மட்டும் ஊருக்கு ஊர் ஒப்பிடுங்கள். சான் டியேகோ பல பேருக்கு இந்தத் தாளிலேயே முடிந்துவிடும். டெக்சாஸின் வரி மிச்சத்தில் பாதியைக் கார் தின்றுவிடும்.

மின்சாரத்தில் ஒரு சூட்சுமம்: டல்லாஸ், ஹூஸ்டன் பகுதிகளில் மின் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விலை நிலையாக இருக்கும் திட்டத்தை எடுங்கள். 2021 உறைபனியில் சந்தை விலைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. ஆஸ்டினில் நகராட்சி நிறுவனம் ஒன்றுதான், தலைவலி இல்லை.

ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவான எஃப்-1இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் பொதுவாகக் கிடையாது. பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு இது தெரிவதில்லை. முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள்.

5. கலகலப்பு என்பது ஊரில் இல்லை, பேட்டையில் இருக்கிறது

நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டல்லாஸுக்குப் போகிறேன் என்பார்கள். போய்க் குடியேறுவது ஃபிரிஸ்கோவில், பிளேனோவில், இர்விங்கில். காரணம் புரிகிறது: தெரிந்த அண்ணன் இருக்கிறார், இந்தியன் ஸ்டோர் பக்கம், ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலுக்குப் போகலாம், இட்லி மாவு கிடைக்கும். ஆனால் அவை குழந்தை குட்டியோடு இருப்பவர்களின் ஊர்கள், நல்ல பள்ளிக்கூடத்துக்காகவே அங்கே வீடு வாங்கியவர்கள். 24 வயதில் தனியாக அங்கே இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் யாருடைய மகனோ சைக்கிள் பழகுவதைத்தான் பார்க்கலாம். முதல் வருடம் நகரத்துக்குள் இருங்கள். இட்லி மாவை வாரம் ஒருமுறை போய் வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பேட்டை என்று கேட்டால்: ஆஸ்டினில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் கிழக்குப் பக்கமும் சவுத் காங்கிரஸ் பக்கமும். அங்கே பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக் குளத்தின் தண்ணீர் வருடம் முழுக்க 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஜூலையில் ஊரே அதற்குள்தான். கோடை மாலைகளில் காங்கிரஸ் பாலத்தடியிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் கிளம்புவதைப் பார்க்கவும் கூட்டம் கூடும். அட்லான்டாவில் மிட்டவுன், பெல்ட்லைன் நடைபாதையின் கிழக்குப் பகுதி. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் வாங்கப் பணமில்லாதவர்களுக்கும் என் முதல் பரிந்துரை இந்த மிட்டவுன்தான்; மார்டா ரயில் நேராக விமான நிலையத்துக்குள்ளேயே போகும். ஃபீனிக்ஸ் பக்கம் என்றால் டெம்பி, அல்லது லைட் ரயில் பாதையை ஒட்டிய நகர மையம். சான் டியேகோவில் நார்த் பார்க், ஹில்கிரெஸ்ட். அந்த ஊர் டிராலியின் ஒரு பாதை மெக்ஸிகோ எல்லையிலேயே போய் முடியும். ஆர்வத்தில் அப்படியே டிஹுவானாவுக்கு நடந்துவிடாதீர்கள், திரும்பி வர விசாவும் ஆவணங்களும் சரியாக இருக்க வேண்டும்.

ஹூஸ்டனை நம் மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மான்ட்ரோஸ், மிட்டவுன் பக்கம் இருந்துகொண்டு ஒரு வாரம் வியட்நாமிய நூடுல்ஸ், அடுத்த வாரம் நைஜீரிய ஜொலோஃப் சோறு என்று சாப்பிடலாம். ஹில்கிராஃப்ட் தெருவில் மகாத்மா காந்தி பெயரிலேயே ஒரு வட்டாரம் இருக்கிறது. தெற்கே பியர்லண்டில் மீனாட்சி கோயில், மதுரைக்காரர்கள் கண் கலங்கும் அளவுக்கு. டல்லாஸ்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கிரிக்கெட்டுக்கு டல்லாஸை அடிக்க முடியாது. கிராண்ட் ப்ரெய்ரி மைதானத்தில்தான் 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா சூப்பர் ஓவரில் பாகிஸ்தானை வென்றது. டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடுவதும் அங்கேதான், மஞ்சள் சட்டையோடு போய்க் கத்திவிட்டு வரலாம்.

6. இரண்டு மாதம் இருந்து பாருங்கள்

போய்ப் பார்க்காமல் ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்குச் சிக்கனமான வழி, மாணவர் சப்லீஸ், அதாவது மாணவர் லீஸில் வைத்திருக்கும் வீட்டை மீதி மாதங்களுக்கு நீங்கள் எடுத்துக்கொள்வது. ஆஸ்டினின் வெஸ்ட் கேம்பஸ், டெம்பி போன்ற இடங்களில் லீஸ்கள் ஆகஸ்டை ஒட்டி மாறும். மே மாதம் மாணவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், ஜூன், ஜூலை வாடகையை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள். பாதி விலைக்கே இறங்கி வருபவர்களும் உண்டு. நீங்கள் பட்டம் வாங்குவதும் அதே மே மாதம். ஊரின் மிக மோசமான இரண்டு மாதங்களை மலிவாக வாழ்ந்து பார்த்துவிடலாம். பிடித்தால் ஆகஸ்டில் சொந்தமாக வீடு பாருங்கள். வீடியோ காலில் வீட்டையும் ஆளையும் பார்க்காமல், அந்த அபார்ட்மென்ட் அலுவலகத்தில் சப்லீஸுக்கு அனுமதி உண்டா என்று கேட்காமல், யாருக்கும் முன்பணம் அனுப்பக் கூடாது.

இரண்டு மாதம் முடியாது, மூன்று நாள்தான் என்றால் வியாழன் முதல் சனி வரை போங்கள். அலுவலகம் இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு மாலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். மேப்பில் 20 நிமிடம் காட்டுவது ஒரு மணி நேரமாக மாறுவது அப்போதுதான் தெரியும். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சனிக்கிழமை இரவு எல்லா இடமும் கூட்டமாகத்தான் இருக்கும், அது சோதனையே இல்லை. லிஃப்ட்டில் பார்ப்பவரிடம் "போன ஜூலையில் கரண்ட் பில் எவ்வளவு?" என்று கேளுங்கள். வாடகை அலுவலகத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார், குடியிருப்பவர் மகிழ்ச்சியாகப் புலம்புவார். மேற்கு பார்த்த பெரிய ஜன்னலும் மேல்மாடியும் சேர்ந்த வீட்டைத் தவிர்த்துவிடுங்கள். மாலை நான்கு மணி வெயில் முழுக்க அங்கேதான் இறங்கும்.

7. லீஸ், கார், காகிதங்கள்

பல அபார்ட்மென்ட்களில் மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் ஆஃபர் லெட்டரைக் காட்டலாம். கடன் வரலாறு குறைவாக இருந்தால் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள். புதிய கட்டிடங்களில் ஒரு மாத வாடகை இலவசம் என்று சலுகை இருக்கும். இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், கேட்டால் குறைந்து போக மாட்டோம். அதைவிட முக்கியம், இடையில் லீஸை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பத்தி. விசாவில் இருப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

வடக்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போவதானால் அடிப்பாகத்தில் உப்புத் துரு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பேட்டரியையும் சோதியுங்கள், குளிரில் தாக்குப்பிடித்த பேட்டரி முதல் கோடையிலேயே போய்விடுவது சகஜம். ஓட்டுநர் உரிமம் மாற்றக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: டெக்சாஸில் 90 நாள், ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் 30, கலிஃபோர்னியாவில் 10. பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம், வேலை அனுமதிக்கான ஈ.ஏ.டி. அட்டை, வீட்டு முகவரிக்கு இரண்டு சான்றுகள் இவற்றோடு போங்கள். குடியேற்ற நிலையைச் சரிபார்க்கச் சில நாட்கள் ஆகலாம், கெடுவின் கடைசி நாளில் போய் நிற்க வேண்டாம்.

முகவரி மாறிய 10 நாட்களுக்குள், வெளிநாட்டு மாணவர்களின் விவரம் இருக்கும் அரசுப் பதிவேடான செவிஸில் புதுப்பிக்க வேண்டும். இதைத் தள்ளிப் போடவே கூடாது, பெட்டி பிரிக்கும் முன்பே செய்துவிடுங்கள். ஈ.ஏ.டி. அட்டை இன்னும் தபாலில் வரவேண்டியிருந்தால் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிலும் தனியாக முகவரி மாற்றம் கொடுங்கள். அரசுத் தபால் சில புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படாமல் அனுப்பியவருக்கே போய்விடும். அடுத்த ஏப்ரலில், பழைய மாநிலத்தில் சம்பாதித்த மாதங்களுக்கு அங்கேயும், புதிய மாநிலத்தில் வரி இருந்தால் இங்கேயும், தனித்தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். கேம்பஸ் வேலையின் ஆண்டுச் சம்பள, வரிச் சான்றான டபிள்யூ-2 பழைய முகவரிக்குப் போகாமல் இருக்க, பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவுக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.